மாமாவுக்காக ஒரு கப்பல்

டென்மார்க்கில், இக்காஸ்ட் நகரத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் நான் உழுந்து வடை சுட்டுக்கொண்டிருந்தேன். அன்று என் தம்பியின் திவசம். பதினெட்டு வயது மகள் வந்து கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எண்ணெய் கொதிக்கும் நேரத்தில் யார் எதைக் காட்ட வந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"தள்ளி நில் பிள்ளை, எண்ணெய் தெறிக்கும்."

"ஒருக்காப் பாருங்கோ அம்மா."

சாம்பல் நிறக் கப்பல் ஒன்று. அமெரிக்காவில் விமானங்கள் மோதி இடிந்த கட்டடங்களின் இரும்பை உருக்கி, அதன் முன்பகுதியில் சேர்த்துக் கட்டினார்களாம். இறந்தவர்களின் நினைவாக. படையினரையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் கடற்படைக் கப்பல் என்று டேனிஷில் விளக்கிக்கொண்டே போனாள். செத்தவர்களின் பெயரில் எங்கள் ஆட்கள் கிணறு வெட்டுவார்கள், தேவாரப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். படைக்கப்பலும் கட்டுவார்களா என்று எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. வடை கருகப் பார்த்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

இந்த நாட்டில் இப்போது பெண்பிள்ளைகளையும் படைக்கு அழைக்கிறார்கள். அவளுக்கும் அரசாங்கத்தின் டிஜிட்டல் போஸ்டில் கடிதம் வந்திருந்தது. ஆள் எடுக்கும் குலுக்கலில் அவளுக்குச் சீட்டு விழாவிட்டால் தப்பலாம் என்று நான் கோயிலில் நேர்த்தி வைத்திருந்தேன்.

"நானும் மாமாவுக்காக ஒண்டு செய்யப்போறன்," என்றாள், இம்முறை தமிழில். "நேவிக்கு நானே பேர் குடுத்திட்டன். மாமாவைப்போலக் கடலில மாட்டுப்படுற ஆக்களைக் காப்பாத்தலாம் தானே."

அடுப்பை நிறுத்தினேனா, அவள்தான் நிறுத்தினாளா என்று இன்றைக்கும் தெரியாது.

என் தம்பி கடலில் மாட்டுப்படவில்லை. அவனைச் சுட்டார்கள். போர்க்காலத்தில் ஊரில் மீன்பிடிக்கப் போன அவன் வள்ளத்தை அரச கடற்படைப் படகு ஒன்று மறித்தது. கூடப்போன இருவர் நீந்தி வந்து சொன்னார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு அச்சடித்தபோது, அவனுடைய வாழ்க்கையும் உறவுமுறையும் சொல்லும் அந்தச் சின்னப் புத்தகத்தில், அப்பா "கடலில் அகால மரணம்" என்று மட்டும் எழுதுவித்தார். மிச்சத்தை எழுதியிருந்தால் வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு ஆபத்து. அன்று அது புத்தி. டென்மார்க்குக்கு வந்த பிறகும் அதையே நான் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதற்கு என்ன பெயர்? பிள்ளை கேட்ட ஒவ்வொரு திவசத்துக்கும் "கடல் கொண்டுபோட்டுது" என்றேன். நம்பாமல் அவள் என்ன செய்வாள்!

கதிரையில் இருந்து, மாவு காய்ந்த கையோடு எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது, முழுக்க என்மீது.

அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"இஞ்ச ஆருக்கு அம்மா பயப்பிட்டனீங்கள்?"

நான் புறங்கையால் முகத்தைத் துடைத்தேன்.

"சுட்டவைக்கு எத்தினை வயசு?"

"தெரியாது," என்றேன். இத்தனை வருடத்தில் அவர்களுக்கும் வயது என்று ஒன்று இருக்கும் என்றே நான் நினைத்ததில்லை.

"இது வேற நாடு அம்மா. வேற நேவி."

"ஓம், தெரியும்."

உண்மையாகவே தெரியும். இந்த நாடு எங்களை வாழ வைத்தது. அதன் கடற்படை எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அதையும் அவளிடம் சொன்னேன்.

அவள் என் கையைப் பிடித்து, விரல்களில் ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"நான் அந்த உடுப்போட வந்து கதவைத் தட்டினா, உங்களுக்குப் பயமா இருக்குமோ?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பொய் சொன்னது போதும் என்று இருந்தது.

"ஓம்," என்றேன்.