சுருதி கலையாத ஜப்பான் கிட்டார்

திங்கட்கிழமை காலை முதல் ஷிப்டுக்குப் போனபோது கிட்டாரின் கழுத்தில் சிவப்பு அட்டை கட்டியிருந்தார்கள். பார்த்ததும் நடுவழியிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

எங்கள் கம்பெனி ஒரகடத்தில் இருக்கிறது. காருக்கு வேண்டிய பாகங்கள் செய்கிறோம். நான் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறேன். மண்ணூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். பத்தாவது வரை படித்தவள். பேச்சு எனக்கு வராது. பத்துப் பேர் இருக்கிற இடத்தில் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் காது சூடாகிவிடும். நாற்பத்தாறு வயதில் இதைச் சொல்லவும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சிவப்பு அட்டை ஜப்பான்காரர்கள் கற்றுக்கொடுத்த முறை. வருஷத்துக்கு ஒருமுறை ஒரு குழு மூலைமுடுக்கெல்லாம் நுழைந்து பார்க்கும். பயன்படாமல் கிடக்கும் பொருளுக்கெல்லாம் அட்டை கட்டி, கேன்டீனுக்குப் போகும் வழியில் மஞ்சள் கோடு போட்ட கட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிடும். ஒரு வாரம் அங்கே இருக்கும். யாருக்காவது வேண்டுமென்றால் அட்டையில் பெயர், பிரிவு, என்ன பயன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் எழுதாத பொருள் அடுத்த திங்கட்கிழமை ஆய்வு முடிந்ததும் ஸ்கிராப்புக்குப் போய்விடும். ஸ்கிராப்பை வீட்டுக்குக் கேட்க முடியாது. வெளியே யாரும் திரும்பப் பயன்படுத்தக் கூடாதென்று அறுத்துத்தான் லாரியில் ஏற்றுவார்கள். நாற்காலியானாலும் கிட்டாரானாலும் இரண்டு துண்டு.

அந்தக் கிட்டார் உற்பத்தி லைன் அமைக்க வந்த ஒரு ஜப்பான் ஆலோசகருடையது. ஊருக்குத் திரும்பும்போது குடையைச் செக்யூரிட்டிக்கும் சோறு வடிக்கும் குக்கரைக் கேன்டீனுக்கும் கொடுத்துவிட்டு, கிட்டாரைப் பயிற்சி அறையில் வைத்துவிட்டுப் போனார். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்றாராம். யாரும் வாசிக்கவில்லை. பயிற்சி அறையை மாற்றியபோது அது பழைய ஃபைல்கள் கிடக்கும் அறைக்கு வந்தது. அந்த அறை ஸ்டோர்ஸுக்குச் சொந்தம். மூன்று வருஷத்துக்கு முன் ஃபைல் எண்ணப் போனபோது நான்தான் அதை முதலில் எடுத்து மடியில் வைத்தேன்.

தேன் நிறம். ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. பின்பக்கம் யாரோ பெல்ட் பக்கிளால் கீறியதுபோல நாலைந்து கோடுகள். ஓட்டை வழியாகப் பார்த்தால் உள்ளே ஜப்பான் எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதை போனில் படம் பிடித்துத் தேடினேன். எனக்கு முன் பிறந்த கிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக மலிவு விலையில் செய்து உலகமெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். ஒட்டுப்பலகைதான், நல்ல மரம் கிடையாது. ஆனால் அதை வைத்திருக்கிறவர்கள் எழுதுவதைப் பார்க்க வேண்டும். போனில் தமிழாக்கிப் படிப்பேன். ஒருவர் அப்பாவிடமிருந்து வந்தது என்கிறார். இன்னொருவர் விலை உயர்ந்த கிட்டார் நாலு இருந்தும் கை இதற்குத்தான் போகிறது என்கிறார். முகம் தெரியாதவர்கள். அவர்களோடு எனக்கு ஒரு சொந்தம் உண்டாகிவிட்டது. நான் ஒரு வரிகூட அங்கே எழுதியதில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டு ஸ்டாக் பார்க்கிறேன் என்று எழுந்துவிடுவேன். அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் பதினைந்து நிமிஷம் எனக்கு. ஒரு பக்கம் வெளிச்சுவர். இன்னொரு பக்கம் தகரத் தடுப்பு, அதற்கு அப்பால் பேனல் ரூம். 440 வோல்ட், உள்ளே வராதே என்று எலும்புக்கூடு வரைந்த பலகை தொங்கும். எப்போதும் பூட்டியிருக்கும். ஆள் கிடையாது. போனில் வீடியோ பார்த்து மூன்று கார்டு கற்றுக்கொண்டேன். மூன்று விதமாக விரலை வைத்து அழுத்துவது, அவ்வளவுதான். சர்ச்சில் பாடுகிற பாட்டுகள் பலவற்றுக்கு அந்த மூன்றும் போதும்.

முதல் இரண்டு மாதம் கேட்கச் சகிக்கவில்லை. விரல் நுனி எரியும். சத்தம் தகரத்தை இழுப்பதுபோல வரும். விட்டுவிடலாமென்று நினைத்திருந்தபோது ஒரு திங்கட்கிழமை விரலை வைத்தேன், பாட்டு வந்தது. மூன்று கார்டும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. எனக்கு வந்துவிட்டது என்று தெரிந்தது. கிட்டாரின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அந்த ஞாயிறு சர்ச்சில் கண்ணை மூடி நன்றி சொன்னேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் வாசித்துக் காட்டு என்பார்.

வீடியோவில் தினமும் சுருதி சேர்க்கச் சொல்வார்கள். தலைப்பக்கம் உள்ள திருகுகளை முறுக்கிக் காட்டுவார்கள். நான் அவற்றைத் தொட்டதே இல்லை. நம்முடையது ஜப்பான் பொருள், சுருதி கலையாது என்று எனக்கு ஒரு பெருமை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஜப்பான் தரம், ஜப்பான் தரம் என்று கேட்டு வளர்ந்த காது. சனிக்கிழமையானால் மட்டும் சத்தம் கொஞ்சம் மங்கும். ஆறு நாள் வேலை செய்த விரல், சோர்ந்துவிட்டது என்று நினைப்பேன். திங்கட்கிழமை சரியாகிவிடும்.

அந்த வாரம் முழுக்கக் கிட்டார் மஞ்சள் கட்டத்துக்குள் உடைந்த பிரிண்டருக்கும் சக்கரம் போன நாற்காலிக்கும் நடுவில் நின்றது. போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு கம்பியை இழுத்துவிட்டுப் போனார்கள். கம்பெனியில் கச்சேரியா என்று கேட்டுச் சிரித்தார்கள். என்னோடு சாப்பிடுகிற பெண் ஒருத்தி, பாவம் நல்லாத்தான் இருக்கிறது, யாருக்கும் ஆகாமல் போகிறது என்றாள். நான் குழம்பை ஊற்றிக்கொண்டேன். பேனா பையில்தான் இருந்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்து எழுதலாமென்று தினமும் நாலு முறை அந்தப் பக்கம் போனேன். கேன்டீன் வழியில் ஆள் இல்லாத நேரம் ஏது? என் பெயரும் கிட்டார் என்ற சொல்லும் ஒரே அட்டையில் இருப்பதை எல்லோரும் படிப்பார்கள் என்பதே என்னைத் திருப்பி அனுப்பியது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து, மூச்சு வாங்க ஓடிப்போய் அட்டையைத் திருப்பினேன். ஏற்கெனவே எழுதியிருந்தது. பிரிவு: மெயின்டனன்ஸ். பயன்: வாசிக்க. கீழே ஒரு எலக்ட்ரீஷியனின் கையெழுத்து.

எனக்கு அவரைப் பார்த்துத் தெரியும். சுங்குவார்சத்திரத்து ஆள், எல்லோரையும் வாருகிறவர். அவருக்கும் என் கிட்டாருக்கும் என்ன? மதியம் வரை பொறுத்தேன். பிறகு ஸ்பேர் பார்ட்ஸ் சீட்டு ஒன்றைச் சாக்காக எடுத்துக்கொண்டு, பதினோரு வருஷத்தில் முதல்முறையாக மெயின்டனன்ஸ் பக்கம் போனேன். அவர் தனியாக உட்கார்ந்து ஒரு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

சீட்டை நீட்டினேன். "கிட்டார் அட்டைல உங்க பேர் இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஆமாக்கா. நீ எழுதுவ எழுதுவன்னு வெள்ளிக்கெழம வரைக்கும் பாத்தேன். பேனாவ வெச்சிகினு அதையே சுத்தி சுத்தி வர்றியே தவிர எழுதக் காணோம். அதான் நான் எழுதிட்டேன்."

"எனக்கும் அதுக்கும் இன்னா?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "மூணு வருஷமா தெனம் கேக்குறோம். இப்ப வந்து இன்னான்றியே."

பேனல் ரூமில் ஆள் உண்டாம். மெஷின் பேனல் சூடாகக் கூடாதென்று அங்கே ஏசி ஓடுகிறது. அதனால் எலக்ட்ரீஷியன் நாலு பேர் உள்ளே பூட்டிக்கொண்டு அங்கேதான் சாப்பிடுகிறார்களாம். உள்ளே சாப்பிடுவது தெரிந்தால் மெமோ. அதனால் மூச்சுக் காட்டாமல் சாப்பிடுவார்களாம். நான் தனியாக இருக்கிறேன் என்று நினைத்த ஒவ்வொரு மதியமும் தகரத்துக்கு அந்தப் பக்கம் நாலு ஆண்கள் சோறு பிசைந்துகொண்டு என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் மெதுவாகப் பாடியதையும்.

நின்ற இடத்திலேயே பூமி பிளக்காதா என்றிருந்தது. ஆனால் அதைவிடப் பெரியது பின்னால் வந்தது.

"சுருதி ஏத்தறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா அதுல? திருகு எல்லாம் தேஞ்சி போய்க் கீது. ஞாயித்துக்கெழம மெயின்டனன்ஸுக்கு வந்தா மொத வேல அதான். ரெண்டு தபா கம்பியும் மாத்திக்கீறேன்."

"அது ஜப்பான் கிட்டார்" என்றேன். "அதுல சுருதி கலையாதே."

அவர் சிரிக்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அது தக்காளி மாதிரிக்கா. நாலு நாள்ல தளர்ந்துடும். மொத ரெண்டு மாசம் நீ அப்டியேதான் வாசிச்சிகினு இருந்த. எங்களுக்குச் சோறு எறங்கல. சரி பாவம்னு ஒரு ஞாயித்துக்கெழம உள்ள போயி சேத்து வெச்சேன்."

அந்தத் திங்கட்கிழமை. நான் அழுத திங்கட்கிழமை.

எனக்கு வந்துவிட்டது என்று மூன்று வருஷம் மனசுக்குள் வைத்திருந்தது எனக்கு வந்ததே இல்லை. அவர் போட்ட சுருதி. அதன்மேல் நான் விரலை வைத்திருந்தேன், அவ்வளவுதான். கடவுளுக்குச் சொன்ன நன்றிகூட விலாசம் தப்பிப் போயிருக்கிறது.

போகத் திரும்பியவளை அவர் நிறுத்தினார். தான் எழுதியது நிற்காது என்றார். ஃபைல் ரூம் ஸ்டோர்ஸுடையது, நீ எப்படி உள்ளே போனாய் என்று கேட்பார்கள், ஒன்றைக் கேட்டால் பேனல் ரூம் வரைக்கும் வரும். "நீ எழுதுனாதான் அது இருக்கும். இல்லன்னா திங்கக்கெழம ரெண்டு துண்டுதான்."

நான் எழுதவில்லை. கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். ஞாயிறு வீட்டில் துணி மடித்துக்கொண்டே போனை எடுத்து, அந்த முகம் தெரியாதவர்கள் எழுதியதை மறுபடி படித்தேன். அதிர்ந்துபோனேன். பாதிப் பேருக்கு மேல் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். திருகு நிற்காது, பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்க்க வேண்டும், இதைவிடத் தொல்லை பிடித்த கிட்டார் இல்லை, விற்கவும் மாட்டேன். எல்லாம் நான் ஏற்கெனவே படித்த வரிகள். அவர்கள் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் தாண்டிப்போயிருக்கிறேன்.

மலிவு. ஒட்டுப்பலகை. சுருதியும் நிற்காது. நான் பெருமைப்பட்ட எதுவும் அதில் இல்லை. அதை அறுக்கப்போகிறார்கள் என்று நினைத்தபோது மட்டும் மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கேன்டீன் வழியில் கூட்டம் இருக்கும்போதே போய், அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். பயன் என்ற இடத்தில், மதிய இடைவேளையில் வாசிக்க. எழுத்து கோணிவிட்டது.

பத்து மணிக்கு ஆய்வு. உற்பத்தி மேனேஜர் ஒவ்வொரு அட்டையாகச் சத்தமாகப் படித்தார். சுற்றி முப்பது நாற்பது பேர். கிட்டாருக்கு வந்ததும் என் பெயரையும் எலக்ட்ரீஷியன் பெயரையும் படித்துவிட்டு, ஒரு பொருளுக்கு ஒரு பொறுப்பாளர்தான் என்றார். பிறகு எலக்ட்ரீஷியனைப் பார்த்து, ஃபைல் ரூமில் உனக்கு என்ன வேலை என்று கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார்.

"அவர் எனக்காக எழுதினார் சார்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். "நான் எழுதத் தயங்கினேன். வாசிக்கிறது நான்."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியுமாம்மா?"

"தெரியாது சார். ஆனா வாசிக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்துவிட்டு அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இருக்கட்டும், ஆனால் முறைப்படி இருக்கட்டும் என்றார். முறைப்படி என்றால் என்னவென்று இரண்டு நாளில் தெரிந்தது. ஃபைல் ரூம் சுவரில் கிட்டார் வடிவத்துக்கு மஞ்சள் டேப் ஒட்டி, ஆணி அடித்து மாட்டி, பக்கத்தில் பொறுப்பாளர் என்று என் பெயரும் போட்டோவும் வைத்துவிட்டார்கள். அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோ, திருடி மாதிரி விழித்துக்கொண்டிருக்கும். இப்போது யார் ஃபைல் எடுக்க வந்தாலும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

எலக்ட்ரீஷியனிடம் ஒன்று மட்டும் சொன்னேன். இனிமேல் நீங்கள் அதைத் தொட வேண்டாம். அவர் முகம் சுருங்கிவிட்டது. சரிக்கா என்றார்.

ஒன்றரை வாரம் நான் அதை எடுக்கவே இல்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம் நாலு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எப்படி வாசிப்பது? அந்த வியாழக்கிழமை மதியம், தூசியாவது துடைப்போம் என்று இறக்கினேன். மடியில் வைத்ததும் விரல் தானாகப் போய் உட்கார்ந்தது. ஒரே ஒருமுறை தட்டினேன்.

தப்பாகக் கேட்டது. விரலில் தப்பில்லை என்று உடனே தெரிந்தது. ஒவ்வொரு கம்பியாகத் தட்டினேன். கீழிருந்து இரண்டாவது கம்பி இறங்கியிருந்தது. மற்றவை கொஞ்சம் கொஞ்சம், இது நன்றாகவே. அதைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன் இரண்டு மாதம் முழுக்கக் கலைந்த சுருதியில் வாசித்தபோது, விரலைத்தான் குற்றம் சொன்னேனே தவிர, கம்பி இறங்கியிருப்பது எனக்குக் காதில் விழவே இல்லை. இப்போது எந்தக் கம்பி என்று தெரிகிறது. இந்தக் காது எனக்கு எப்போது வந்தது? யாரும் இதைச் சேர்த்துவைத்துவிட்டுப் போயிருக்க முடியாது.

திருகைப் பிடித்தேன். எந்தப் பக்கம் முறுக்குவது, எவ்வளவு முறுக்கினால் அறும் என்று தெரியவில்லை. கிட்டாரைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, எலும்புக்கூடு பலகைக்குக் கீழே நின்று கதவைத் தட்டினேன். உள்ளே டிபன் பாக்ஸ் மூடும் சத்தம் சடசடவென்று கேட்டு நின்றது.

"நான்தான்" என்றேன். "ஸ்டோர்ஸ்."

தாழ்ப்பாள் மெதுவாக நகர்ந்தது. குளிர் முகத்தில் அடித்தது. நாலு பேரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் சோற்றுக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தார். நான் யாரையும் பார்க்காமல் கிட்டாரை எலக்ட்ரீஷியன் பக்கம் நீட்டினேன்.

"ரெண்டாவது கம்பி எறங்கிடுச்சு" என்றேன். "நீங்க ஏத்த வேணாம். எந்தப் பக்கம் திருகணும்னு மட்டும் சொல்லுங்க."