ஐந்தாம் நம்பர் வண்டியின் டீசல் சீட்டு

ரயில்வே கேட் மூடியிருக்கும்போது எங்கள் கம்பெனி பஸ்ஸுக்குள் விழும் அமைதியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எண்பதுகளின் நடுவில், ஆவடியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் காலையில் போகும் பஸ் அது. கேட்டுக்கு முன்னால் லாரிகளும் ஆட்டோக்களும் இன்ஜினை ஓடவிட்டு உறுமிக்கொண்டு நிற்கும். எங்கள் டிரைவர் மட்டும் வண்டியை நிறுத்திய கையோடு இன்ஜினை அணைத்துவிடுவார். அதுவரை தடதடவென்று ஆடிக்கொண்டிருந்த ஜன்னல் கண்ணாடிகள் சட்டென்று அடங்கும். யாரோ இருமுவதும், டிபன் கேரியரின் பிடி உராய்வதும், கேட்கீப்பர் வீட்டு ஆடு கத்துவதும் துல்லியமாகக் கேட்கும். "இன்னா அண்ணாத்தே, மறுபடி கெளம்புமா, இல்ல எறங்கித் தள்ளணுமா?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும். அவர் திரும்பிப் பார்க்காமலே, "கெளம்பும், குந்து" என்பார். ரயிலின் கடைசிப் பெட்டி கடந்து கேட் தூக்கப்படும்வரை இன்ஜினைத் தொடமாட்டார்.

நான் அந்தக் கம்பெனியின் போக்குவரத்துப் பிரிவில் கிளார்க். ஐந்து பஸ்கள் நிற்கும் ஷெட்டை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. டிரைவர்களுக்கு டீசல் சீட்டு எழுதிக் கொடுப்பதும், வண்டி ஓடிய தூரத்தைக் குறித்து வைப்பதும் என் வேலை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவள். ஆவடியில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மாடி அறையில் தங்கியிருந்தேன். ஆபீஸின் மற்ற பெண்கள் எல்லாம் பெரிய கட்டடத்தில் இருந்தார்கள். மதியம் சாப்பாட்டு மணி அடித்தால் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் மிதந்து வரும். நான் கூச்சக்காரி. என் டப்பாவை மேசைமேல் வைத்துச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டு முடித்துவிடுவேன். டிரைவர்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவார்கள், சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் தினமும் வரும் ஐந்தாம் நம்பர் வண்டி டிரைவர் மட்டும் ஒரு நிமிஷம் நின்று, "சாப்ட்டியாம்மா? மூஞ்சி இன்னா வாடிக் கெடக்குது?" என்று கேட்டுவிட்டுப் போவார். அந்த ஊரில் அப்போது என்னை அப்படிக் கேட்க வேறு ஆள் கிடையாது.

நாற்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. ஒல்லியான உடம்பு. காக்கிச் சட்டையின் மேல்பொத்தானைக்கூடப் போட்டிருப்பார். தினமும் காலையில் ஆறு டயர்களிலும் காற்று சரியாக இருக்கிறதா என்று தானே பார்ப்பார். காற்று குறைந்தால் வண்டி சேற்றில் நடப்பதுபோல நடக்கும், அதற்கு டீசல் அதிகம் குடிக்கும் என்பது அவர் கணக்கு. பின்சீட்டுக்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்த பழைய இரும்புச் சாமான்களை ஒருநாள் இழுத்து வெளியே போட்டார். கிளம்பும் முன் பத்து நிமிஷம் வண்டியைச் சும்மா உறுமவிடும் வழக்கம் மற்ற டிரைவர்களுக்கு இருந்தது. இவர் மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடேற்றுவார். ஸ்டாப் கண்ணில் பட்டதுமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். வண்டி தன் போக்கில் போய், கடைசியில் லேசாக ஒரு பிரேக்கில் நிற்கும். "சடார்னு பிரேக்க மிதிக்கறவன் எல்லாம், அதுக்கு முன்னால கொஞ்சம் டீசல சும்மா எரிச்சவன்" என்று சொல்வார். பின்னால் கறுப்புப் புகை தெரிந்தால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் போய் நிற்பார். "கறுப்பா வந்தா அது எரியாத டீசல். வெலகுடுத்து வாங்கி ஊரு மூஞ்சில ஊதறோம்."

பஸ்ஸில் அவருக்குப் பின்னால் இருந்த சீட்டில்தான் நான் உட்காருவேன். ஒரு மழைநாளில் கேட் வெகுநேரம் திறக்கவில்லை. இன்ஜின் அணைந்த அமைதியில் நான் கேட்டேன்: "அண்ணே, எல்லாரும் திட்டுறாங்க. ஆனாலும் ஏன் ஆஃப் பண்ணுறீங்க? கம்பெனி டீசல்தானே?"

அவர் ஸ்டீயரிங்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சொன்னார். கல்யாணமான புதிதில் அம்பத்தூரில் ஒரு லாரி ஷெட்டுக்குப் பின்னால் குடியிருந்திருக்கிறார்கள். விடியற்காலையிலிருந்து நான்கைந்து லாரிகள் நின்ற இடத்திலேயே உறுமும். புகை நேராக அவர் வீட்டு ஜன்னலுக்குள் வரும். மனைவிக்கு இளைப்பு வந்தது. மருந்து, மாத்திரை, ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்த பிறகு, புகையில்லாத இடத்துக்குப் போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆரணிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போனதும் அவருக்கு மூச்சு சரியானது. இவருக்கு அங்கே வேலை இல்லை. ஏரிக்காற்று அடிக்குமே என்று பருத்திப்பட்டில் ஒரு வீடு பிடித்தார். மனைவி இரண்டு முறை வந்து பார்த்தார். இரண்டு முறையும் ஒரு வாரத்தில் நெஞ்சு அடைத்தது. அன்றிலிருந்து இவர் இங்கே தனியாக, அவர் அங்கே.

"புகைக்குப் பின்னால யாரோ ஒருத்தி குந்திகினு கீறாம்மா. எனுக்கு அது தெரிஞ்சி போச்சி. தெரிஞ்சப்புறம் எப்டி சும்மா ஓடவுடறது?" என்றார். கேட் திறந்தது. வண்டியைக் கிளப்பினார்.

அதற்குப் பிறகு ஒரு மாத முடிவில் நான் ஒரு காரியம் செய்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஐந்து வண்டிகளும் ஓடிய தூரத்தையும் குடித்த டீசலையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரே அளவு ரோடு, ஒரே மாதிரி வண்டி. ஆனால் ஐந்தாம் நம்பர் மற்றவற்றைவிட மிகக் குறைவாகக் குடித்திருந்தது. அவருக்கு ஒரு பாராட்டு கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஐந்தாம் நம்பரை மட்டும் கொட்டை எழுத்தில் டைப் செய்து, அடியில் இரண்டு கோடும் போட்டு, மேனேஜரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வெரிகுட்" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் அந்தத் தாள் நோட்டீஸ் போர்டில் இருந்தது. கூடவே ஓர் உத்தரவு: இனிமேல் எல்லா வண்டிகளுக்கும் ஐந்தாம் நம்பருக்குக் கொடுக்கும் அளவே டீசல் தரப்படும்.

எனக்குத் தெரியாத ஒன்று ஷெட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மற்ற நான்கு வண்டிகளிலிருந்தும் மிச்ச டீசல் கேன்களில் இறங்கி வெளியே விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த உத்தரவோடு அது நின்றது. போட்டுக்கொடுத்தது ஐந்தாம் நம்பர் டிரைவர்தான் என்று மற்ற நான்கு பேரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

முதலில் டீ நின்றது. ஐந்து பேரும் சேர்ந்து ஷெட் வாசலில் குடித்த டீ. அவர் வந்தால் நால்வரும் எழுந்து போனார்கள். அப்புறம் பேச்சு நின்றது. மெக்கானிக் அவர் வண்டியைக் கடைசியாகப் பார்த்தான். ஒருநாள் காலை, அவர் வண்டியின் பின்பக்க டயர்கள் நான்கிலும் காற்று இல்லை. அன்றைக்கு பஸ் தாமதமாகி, ஏறியவர்கள் எல்லோருக்கும் அரைநாள் சம்பளம் போனது. "நீ டீசல மிச்சம் புடி நைனா, எங்க சம்பளம் போவட்டும்" என்று பஸ்ஸிலேயே ஒருவர் கத்தினார். அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தார். மதியம் தன் வண்டியின் படிக்கட்டில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அது நன்றாகத் தெரியும். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தேன்.

ஒருநாள் சீட்டு வாங்க வந்தவர் போகாமல் நின்றார். "ஏம்மா, அந்தத் தாளு யாரு எழுதுனது?"

"மேனேஜர் கேட்டாருண்ணே. எல்லா மாசமும் கேக்கிறதுதான்" என்றேன். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"செரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் நான் பஸ்ஸில் பின்சீட்டுக்கு மாறிவிட்டேன். அவர் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நாளில் அவரும் கேட்பதை விட்டுவிட்டார். இப்படியே ஆறேழு மாதம் போனது. ஜெபத்தில் மண்டியிட்டால் அந்தப் படிக்கட்டும் மடியில் இருந்த தட்டும்தான் கண்ணுக்குள் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், சேலையைக்கூட மாற்றாமல் பருத்திப்பட்டுக்கு நடந்தேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ஏரியைப் பார்த்த மாதிரி ஒற்றை அறை. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் பதறிப்போனார். "இன்னாம்மா, எதுனா ஆயிடுச்சா?" என்றார். உள்ளே ஒரு கட்டிலில் புதுப் போர்வை மடிப்புக் கலையாமல் இருந்தது. அவர் பாய் தரையில் கிடந்தது. நான் உட்காராமலே சொன்னேன்: "அந்தத் தாள நான்தாண்ணே எழுதினேன். யாரும் கேக்கல. நானா எழுதிக் குடுத்தேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவர் கையிலிருந்த ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டார். "தெரியும்மா" என்றார். "என் நம்பர மட்டும் கொட்டையா போட்டு, கீழ ரெண்டு கோடு இழுத்துக்கீது. மேனேஜரு அப்டி போடுவாரா?"

"அப்ப ஏன் அவங்ககிட்ட சொல்லல? உங்க மேலதான எல்லாரும்..."

"பொம்பளப் புள்ள, வெளியூர்லேர்ந்து வந்து தனியா குந்தினு கீற. உன்னப் புடிச்சிப்பானுங்க." அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தார். "அவனுங்க பேசலன்னு எனுக்கு ரொம்ப வருத்தமில்லம்மா. நீயும் பேசாம பூட்ட பாரு, அதான். இன்னிக்கி சொல்லும், நாளிக்கி சொல்லும்னு பாத்துகினே இருந்தேன்."

நான் அழுதேன். அவர் ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டார். ஒரே டம்ளர்தான் இருந்தது. எனக்கு அதில் கொடுத்துவிட்டு, அவர் சொம்பில் குடித்தார்.

திங்கட்கிழமை மதியம் என் டப்பாவை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். நால்வரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். "நோட்டீஸ் போர்டுல இருந்த தாள் என்னோட வேலை. அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். அவர்களில் மூத்தவர், "அந்த ஆளு இத்தினி நாளா ஏன் வாயத் தொறக்கல?" என்று கேட்டார். போய் ஐந்தாம் நம்பர் பஸ்ஸின் படிக்கட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்று மாலை மூத்த டிரைவர் ஒரு டீயை வாங்கிக்கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். மற்ற மூன்று பேரும் கடைசிவரை அவரிடம் பேசவில்லை, என்னிடமும்தான். ஆனாலும் எங்கள் இருவருக்கும் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு துணை இருந்தது.

இப்போது அந்த ரயில்வே கேட் இருந்த இடத்தில் மேம்பாலம் வந்துவிட்டது. எஸ்டேட்டில் அந்தக் கம்பெனியும் இல்லை. நான் கார் ஓட்டுகிறேன். டயரில் காற்றைத் தவறாமல் பார்க்கிறேன். சிவப்பு விளக்கு தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்துவிடுகிறேன். பக்கத்தில் உட்காருபவர்கள் காரணம் கேட்டால் பெட்ரோல் விலையைச் சொல்லிவிடுவேன். சுலபமான பதில் அது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் வேலையை விட்டார். ஆரணிப் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் டிராக்டர் ஓட்ட ஆள் கேட்டிருந்தார்கள். சாமான்களைக் கட்ட அவர் மனைவி வந்திருந்தார். வழியனுப்ப நான் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நான்கைந்து பஸ்கள் ஒன்றாக உறுமிக்கொண்டிருந்தன. அந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றார். அண்ணன் இடம் பிடிக்க பஸ்ஸுக்குள் ஏறிய நேரத்தில், அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். முந்தானையை விலக்காமலே, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்:

"ஏரிக்கரை வூட்டுக்கு நீங்க வந்தீங்களாமே. ஊருக்கு வரும்போதெல்லாம் அதையேதான் சொல்லுவாரு. அத்தனை வருசத்துல அந்த வூட்டுக்கு அவரத் தேடி வந்த ஒரே மனுசி நீங்கதானாம்."

அந்த வீட்டுக்கு நான் போனது ஒரே ஒரு முறை. அதுவும் அவரைப் பார்ப்பதற்காக அல்ல, என் மனப்பாரத்தை இறக்கி வைப்பதற்காக. இதை அந்த அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் பஸ் ஜன்னலிலிருந்து அவரைக் கூப்பிட்டுவிட்டார். பஸ் புறப்பட்டது.