கொடிக்கம்பத்தடியில் கூலி நெல்

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பேரூராட்சியில் செயல் அலுவலராகச் சேர்ந்த மூன்றாம் நாளே எனக்கு வம்பு வந்தது. கடைத்தெரு முக்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கொடிக்கம்பங்கள். இரண்டு கழகத்தாரும் ஒரே நாள், காலை ஒன்பது மணிக்கே கொடியேற்றுவோம் என்று மனு கொடுத்திருந்தார்கள். அமைதிக் கூட்டம் போட்டேன்.

"அவங்க ஏத்துனப்புறம் நாங்க ஏத்துறதா?" என்று இரண்டு கழகத்துச் செயலாளர்களும் ஒரே குரலில் கேட்டார்கள். அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

உதவி இயக்குநர் போனில் சொன்னார்: "அங்க ஒரு அடி விழுந்தாலும் மொத மெமோ உமக்குத்தான்யா."

கொடியேற்ற வேண்டிய நாள் காலை போய்ப் பார்த்தால், இரண்டு கம்பத்தையும் சுற்றி ஈர நெல். அறுப்புக்குப் போன அஞ்சலையம்மா தன் கூலி நெல்லைக் காயப்போட்டிருந்தார். அள்ளச் சொன்னேன்.

"நாலு நாளா மழைங்க சார். இன்னிக்குத்தான் வெயிலே அடிக்கிது. இன்னிக்கு விட்டா மொளச்சிடும். மொளச்ச நெல்ல நீங்க திம்பீங்களா?"

அதற்குள் இரண்டு ஊர்வலமும் கோஷத்தோடு எதிரெதிரே வந்துவிட்டன. நெல்லருகே வந்ததும் இரண்டும் பிரேக் போட்டன. செருப்புக் காலோடு நெல்லை மிதிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"எப்பம்மா காயும்?" என்றார் ஒரு கழகத்துச் செயலாளர்.

"நான் ஒருத்தி துழாவுனா சாயங்காலம். எல்லாரும் துழாவுனா மத்தியானம்."

அடுத்தவர் முந்தி நல்ல பேர் வாங்கிவிடுவாரோ என்ற பயத்தில் இரண்டு செயலாளர்களும் செருப்பைக் கழற்றினார்கள். வேட்டியை மடித்துக் கட்டி, காலால் கோடு கோடாகத் துழாவினார்கள். "ஒங்க பக்கம் இன்னும் ஈரமா கெடக்கு பாருங்க" என்று அதிலும் சண்டை. நானும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.

பதினொரு மணிக்கு வானம் கறுத்தது. "அய்யோ, என் நெல்லு!" என்று அஞ்சலையம்மா அலறினார். கோஷம் போட வந்த கூட்டம் முழுவதும் நெல்லைக் குவித்தது. மூடத் தார்ப்பாய் இல்லை. இரண்டு கட்சியின் பிளெக்ஸ் பேனரையும் அவிழ்த்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்தினார்கள். எது மேலே என்று யாரும் கேட்கவில்லை. மழை கொட்டத் தொடங்கியது.

கொடிகள் மறுநாள்தான் ஏறின, அதுவும் ஆளுக்கொரு நேரத்தில். மெமோ வரவில்லை.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். அமைதிக் கூட்டத்துக்கு நாற்காலி போடாதீர்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து செய்கிற மாதிரி ஏதாவது ஒரு வேலையைக் கொடுங்கள்.

பேனர்களை அஞ்சலையம்மா ஒரு வாரம் திருப்பித் தரவில்லை. இரண்டு செயலாளர்களும் தினமும் அவர் வீட்டுக்குப் போனார்கள், நெல் காய்ந்துவிட்டதா என்று கேட்க. ஒரு மணிகூட முளைக்கவில்லை.