இருபது வாடகை நாற்காலிகள்

இருபத்திரண்டு வருடமாகப் பொய் சொல்லிப் பிழைக்கிறவன் நான். எது பொய், எது நிஜம் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இது நிஜம். இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன். இந்தக் கையால் தொட்டேன்.

நான் தனியார் துப்பறிவாளன். தொழிலில் என்னை 'மோப்பம்' என்பார்கள். ஓடிப்போன பிள்ளைகளைப் பிடிப்பதில் நான் புலி. அதற்காக ஊர் ஊராக அலைய மாட்டேன். பெற்றவள் செத்துவிட்டாள் என்று சேதி விடுவேன், அவ்வளவுதான். எந்தக் கல்நெஞ்சும் ஓடி வந்துவிடும். பதினோரு பிள்ளைகள் அப்படி வந்திருக்கிறார்கள். பாவமா? இருக்கட்டும். பிள்ளை வீடு வந்து சேர்ந்ததா இல்லையா?

இவள் பதினாறு வயதுப் பெண். அம்மா நாலு பேர் முன்னால் கன்னத்தில் அறைந்ததற்குக் கோபித்துக்கொண்டு போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. அப்பா கிடையாது. அம்மா தையல்காரி. என் யோசனையைக் கேட்டதும், வாய் முகூர்த்தம் பலித்துவிடுமோ என்று பயந்தாள். அப்புறம் தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"பலிச்சா பலிக்கட்டும் சார். ஒரு தடவை அவ முகத்தப் பாத்துட்டா போதும்."

மதியம் 1.50. பெண்ணின் வகுப்புத் தோழிக்குப் போன் போட்டேன். எனக்கு ஒன்றுமே தெரியாது என்று ஒன்பது நாளாகச் சாதித்துக்கொண்டிருந்தவள். தாய்மாமன் மாதிரி அழுதேன். அக்கா போய்விட்டாள், ஆறு மணிக்கு எடுக்கிறோம் என்றேன். தோழி பட்டென்று போனை வைத்துவிட்டாள். சேதி போய்ச் சேர்ந்துவிடும் என்று புரிந்தது.

அடுத்து நாற்காலிகள். ஓடிப்போனவர்கள் முதலில் தெருமுனையில் நின்று நோட்டம் விடுவார்கள். சாவு வீடு சாவு வீடாகத் தெரிய வேண்டும். இருபது பிளாஸ்டிக் நாற்காலிகளை வாடகைக்கு எடுத்து வாசலில் வரிசையாகப் போட்டேன். தூசி தட்டித் துடைத்துக் கொடுத்தவள் அந்த அம்மாதான். அப்புறம் அவளை உள்ளறையில் உட்கார வைத்தேன். நான் கூப்பிடும்வரை தலை காட்டக் கூடாது, உயிரோடு பார்த்தால் பெண் திரும்ப ஓடிவிடும் என்று கறாராகச் சொன்னேன்.

4.12. கடைசி வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

போட்டோவில் பார்த்த அதே முகம். வந்த சத்தமே கேட்கவில்லை... மற்ற பிள்ளைகள் அலறிக்கொண்டு நேராக உள்ளே ஓடும். இவள் அசையவில்லை. வெயிலில் நாற்காலி கொதித்தது. அவளுக்குச் சுடவில்லை போல. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். கிரீச்... என் நாற்காலிதான். அவளுடையது சத்தமே போடவில்லை.

"எத்தன மணிக்கு எடுக்கறாங்க?" என்றாள்.

மணிக்கட்டைப் பிடித்தேன். தொழில் பழக்கம், பிடித்தால் விட மாட்டேன். சில்லென்று இருந்தது. அந்த வெயிலில்...

சிரித்தேன். "யாரையும் எடுக்கல. உங்கம்மா நல்லா இருக்காங்க. உள்ள வா."

மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"தெரியும் சார். இது எனக்குப் போட்ட நாற்காலி."

4.20. உள்ளே போன் அடித்தது.

அம்மா அலறினாள்.

வீட்டைப் பார்த்தேன்... திரும்பினேன்.

என் கையில் யாரும் இல்லை.

பிறகுதான் தெரிந்தது. அவள் தங்கியிருந்த ஊர் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். தோழி சொன்னதைக் கேட்டதும், கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸைப் பிடிக்கச் சாலையின் குறுக்கே ஓடியிருக்கிறாள். லாரி. மணி 2.05. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

உடம்பை முழுக்கச் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகத்தைத் திறக்க வேண்டாம் என்றார்கள். திறந்தாலும் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லையாம்.

எல்லாம் முடிந்த மறுநாள், நான் பார்த்ததை அந்த அம்மாவிடம் சொன்னேன். எட்டு நிமிடம் வாசலில் உட்கார்ந்திருந்தாள் என்றேன். அடிப்பாள், சபிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பாத்தப்போ... முகம் நல்லா இருந்துச்சா சார்?"

ஆமாம் என்றேன்.