முள் இல்லாத தூண்டில்

போன சனிக்கிழமை நான் ஒரு மலை ஆற்றுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். எதற்கு? மீன் பிடிக்க. பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத நான்...

எல்லாம் எங்கள் மனேஜர் கெவினால் வந்த வினை. பென்ரோஸில் நான் வேலை செய்கிற பெயின்ட் ஃபாக்டரியில் அவர் வைத்ததுதான் சட்டம். நிரந்தர விசாவுக்கு, நான் நம்பத்தகுந்த ஆள் என்று அவர் ஒரு கடிதம் தரவேண்டும். இருக்கிற விசா இந்த மாதத்தோடு சரி. அதற்குப் பிறகு எங்கே போவது? ஊர் நிலைமை உங்களுக்குத் தெரியாததா?

மூன்று வாரம் கேட்டேன். கடைசியில் கெவின் சொன்னார்: "சனிக்கிழமை என்னோடு மீன் பிடிக்க வா, மேட். ஒரு ஆளை ஆற்றில் வைத்துப் பார்த்தால்தான் எனக்குக் கடிதம் எழுத வரும்."

வீட்டில் சொன்னேன். மனைவி சாந்தி நிமிர்ந்தாள்.

"அம்மனுக்குப் பங்குனித் திங்கள் விரதம் பிடிக்கிற மாசத்திலை உயிரைக் கொல்லப் போறியளோ?"

"அப்ப கடிதம்?"

"கடிதத்தோடை வாங்கோ. பாவத்தோடை வராதேங்கோ."

விசா அதிகாரிகள்கூட எனக்கு இப்படியொரு கண்டிஷன் போட்டதில்லை.

தெற்கே நாலு மணித்தியாலக் கார் ஓட்டம். இந்த நாட்டில் பங்குனியில்தான் கோடை முடியும். ஆற்றங்கரை மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. தண்ணீரோ ஐஸ். நெஞ்சுவரை ஏறுகிற ஒரு ரப்பர் காற்சட்டைக்குள் கெவின் என்னை இறக்கிவிட்டார்.

அந்த ஆற்றில் புழு போடக்கூடாதாம். முள்ளில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியைத்தான் தண்ணீர் மேல் வீசவேண்டும். மீனை ஏமாற்றுவதிலும் ஒரு மரியாதை பாருங்கள்...

நான் விட்டேனா? பற்றைக்குப் பின்னால் ஒதுங்குகிற மாதிரிப் போனேன். பொக்கெற்றில் கொண்டுபோன குறட்டால் முள்ளின் வளைவை நறுக்கினேன். இறகு மிச்சம், முள் இல்லை. இனி நாள் முழுக்க வீசலாம் — கெவினுக்கும் சந்தோஷம், அம்மனுக்கும் சந்தோஷம்.

ஆனால் மீன்களுக்கு இந்த ஏற்பாடு தெரியாதே. இரண்டு மணித்தியாலத்தில் நாலு ட்ரௌட் என் பூச்சியைக் கவ்வின. ருசி பார்த்தன. துப்பிவிட்டுப் போயின. கெவினுடைய பக்கம் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

"உன்னுடையதில் ஏதோ இருக்கிறது. இங்கே தா," என்று என் கையிலிருந்த தூண்டிற்கோலை வாங்கிக்கொண்டார். இருப்பது அல்ல, இல்லாததுதான் விஷயம் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது வீச்சிலேயே கோல் வளைந்தது. ஒரு பெரிய மீன் தண்ணீருக்கு மேலே பாய்ந்தது... அவ்வளவுதான். நூல் தொய்ந்துவிட்டது.

கெவின் நூலைச் சுற்றி எடுத்தார். பூச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கடிதம் போச்சு, விசா போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"முள்ளையே முறித்துவிட்டது," என்றார் மெதுவாக. குரலில் அப்படியொரு பக்தி. "பத்து இறாத்தல் எடை இருக்கும். நீ பார்த்தாய்தானே?"

வாசகர்களே, நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"பன்னிரண்டு இருக்கும்," என்றேன்.

திங்கட்கிழமை கன்ரீனில் அது பதினைந்து இறாத்தலாகிவிட்டது. ஒருவரும் நம்பவில்லை. "இவனைக் கேளுங்கள்," என்றார் கெவின். நான் எழுந்து இரண்டு கைகளையும் விரித்து நீளம் காட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிட விசாப் பயம் பெரிதாக இருந்தது.

பின்னேரமே கடிதம் வந்துவிட்டது. "இவர் சொல்லும் எதையும் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

சாந்தி அதைச் சாமிப்படத்தின் கீழ் வைத்துக் கும்பிட்டாள்.

"ஒரு உயிரையும் கொல்லேல்லைத்தானே?"

"சத்தியமாய் இல்லை," என்றேன்.

பொய் சொன்னேனா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பங்குனித் திங்களும் அதுவுமாக இன்னொன்று சொல்லவேண்டி வந்திருக்கும்.