பனிமலையில் ஓர் உச்சிப்பொழுது

நான் ஆடு மேய்த்ததே கிடையாது. ஆனால் கம்ப்யூட்டருக்குள் நூறு செம்மறிகளை மேய்த்திருக்கிறேன். சென்னையில் உள்ள ஒரு வீடியோ கேம் கம்பெனிக்கு, கடலாடிப் பக்கம் எங்கள் வீட்டிலிருந்தே வேலை. பனி பெய்யும் மலைநாட்டுக் கதை. அதில் வரும் மந்தைக்கு மந்தைப் புத்தியைக் கொடுப்பது என் பொறுப்பு. சரியாக வந்தால் இப்படியே வீட்டில் இருக்கலாம். சொதப்பினால் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்குப் போக வேண்டும். என் வீட்டுக்காரருக்கு மிளகாய்க் காடும் அறுபது செம்மறியும் இங்கே இருக்கின்றன. அவரை எந்த மூட்டையில் கட்டுவது?

அதனால் அவருடைய ஆடுகளுக்குப் பின்னால் நோட்டும் கையுமாக ஒரு மாதம் அலைந்தேன். எனக்குக் கால்நடை ஆபீசில் வேலை கிடைத்துவிட்டதாக ஊரில் பேச்சு. ஒருவர் சினை ஆட்டையே பிடித்துவந்து காட்டினார்.

உச்சிவெயில் ஏறியதும் செம்மறிகள் மேய்ச்சலை நிறுத்திவிடும். ஒன்றின் வயிற்றடி நிழலில் இன்னொன்று தலையை நுழைத்துக்கொண்டு கும்பலாக நிற்கும். அதை அச்சு அசலாகக் கொண்டுவந்துவிட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீடியோ மீட்டிங்கில் மந்தையை ஓடவிட்டேன். கேமுக்குள் மணி பன்னிரண்டு ஆனது. கொட்டுகிற பனியில் நூறு ஆடுகளும் நின்று தலையைச் செருகிக்கொண்டன. திரையில் முதுகும் வாலும்தான் மிச்சம். தலையெல்லாம் எங்கே போனது என்று மேலாளர் கேட்டார். மத்தியானம் ஆடு அப்படித்தான் நிற்கும், பார்த்ததில்லையா என்று நான் எகிறினேன்.

“பனி கொட்டுதேங்க. எந்த வெயிலுக்குப் பயந்து ஒளியுதுங்க?”

அப்போதுதான் உறைத்தது. வெயில் ஏறினால் நில் என்று எழுதாமல், மணி பன்னிரண்டானால் நில் என்று எழுதியிருக்கிறேன். எங்கள் ஊரில் இரண்டும் வேறா என்ன? என் கேமராவில் படாமல் ஓரமாக நின்ற வீட்டுக்காரர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு மானம் போனது.

பனியில் ஆடு எப்படி நிற்கும் என்று மேலாளர் கேட்டார். சமாளித்திருக்கலாம், வாய் வரவில்லை.

“தெரியாது சார். நான் பனியப் பார்த்ததே இல்ல. பார்க்காததை எழுதவும் மாட்டேன்.”

அப்படியானால் இந்த மந்தையை வேறொருவர் முடிக்கட்டும் என்றார். மனசுக்குள் சேலைகளை மடித்து வைக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

“அடுத்த கதை பாலைவனத்துல நடக்குது. அதை நீங்க பண்ணுங்க. உங்க ஊர் வெயில்லயே இருங்க, இங்க வந்துடாதீங்க” என்றார் மேலாளர்.

கேமராவை அணைத்துவிட்டு அழுதேன், சந்தோஷத்தில்தான். வீட்டுக்காரர் துண்டை எடுத்துவிட்டுக் கவலையோடு கேட்டார்:

“ஏ புள்ள, அப்ப நான் ஒட்டகத்துக்கு எங்குட்டுப் போவேன்?”