கொடைக்கானல் காளானும் எங்கள் வீட்டு ஞானியும்

எழுபத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மழை விட்டிருந்த சமயம். அப்போது நாங்கள் அருப்புக்கோட்டையில் தறிக்காரர்களுக்குச் சாயப்பொடி விற்கும் கடை வைத்திருந்தோம். என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் திருச்சுழிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். நான் சொல்லப் போவது அந்தக் கிராமத்தில் நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் பயமாக இருக்கிறது. நடுநடுவே சிரிப்பும் வந்து தொலைக்கிறது, என்ன செய்ய!

முதலில் அவருடைய உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் அவருக்கு ஒரு தடவை உடம்புக்கு வந்தது. கண்ணை மூடாமல் விடிய விடியப் பேசினார், பாடினார், கடையை மதுரை வரைக்கும் விரிக்கப் போகிறேன் என்றார். பிறகு அப்படியே விழுந்தார். மாசக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். மதுரையில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, மனசு இப்படி ஒரேயடியாக ஏறுவதும் ஒரேயடியாக இறங்குவதும் ஒரு வியாதிதான், பயப்படாதீர்கள் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். இப்போது பைபோலார் என்கிறார்கள். லித்தியம் என்று டாக்டர் சொன்ன மாத்திரைப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. அதுவும் ஒரு வகை உப்புதான் என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு உப்பு மாத்திரை என்றே பெயர்.

மாத்திரையில் ஆள் நன்றாகத் தேறிவிட்டார். ஆனால், "எல்லாம் மந்தமா இருக்கு. நல்லதும் தெரியல, கெட்டதும் தெரியல" என்று அடிக்கடி சொல்வார். மந்தமாக இருந்தாலும் மனுஷன் வீட்டில் இருக்கிறாரே என்று எனக்கு நிம்மதி. அவருக்கு அது போதவில்லை. பாவம், அவர் பாடு அவருக்கு.

அவருடைய சிநேகிதர் ஒருவர் பஞ்சு புரோக்கர். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். "ஏலே, நீ சிரிச்சே வருஷக்கணக்காச்சு. வாலே, கொடைக்கானலுக்குப் போயிட்டு வருவோம், மனசு லேசாகும்" என்று கூப்பிட்டார். நானும் பெட்டியில் துணி மடித்து வைத்து, மேலே மாத்திரைப் புட்டியையும் வைத்து அனுப்பினேன்.

அங்கே அப்போது ஹிப்பிகள் என்று நீள முடி வைத்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகத் திரியுமாம். ஒரு டீக்கடையில் அவர்களுக்காகவே காளான் போட்டு முட்டை ஆம்லெட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காளான் என்றால் சும்மாவா! வானம் பார்த்த பூமியில், இடி இடித்து மழை பெய்தால் புற்றுப் பக்கம் வருஷத்துக்கு ஒரு தடவை முளைக்கும். பார்த்தவன் இடத்தைச் சொல்ல மாட்டான். அப்படிப்பட்ட காளான் அங்கே குவிந்து கிடந்தால்? கடைக்காரர், "இது வேற காளான். மனசைத் தொறந்து விடும், ஒரே சந்தோசமா இருக்கும்" என்றும் சொல்லியிருக்கிறார். மனசு அடைத்துக் கிடக்கிற சிநேகிதனுக்கு இதைவிட நல்ல மருந்து ஏது என்று பஞ்சு புரோக்கர் நினைத்துவிட்டார். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

சிநேகிதர் வாந்தி எடுத்தார், சிரித்தார், மேகத்துக்கு நூறு நிறம் என்றார், தூங்கிப் போனார். காலையில் எழுந்து பசிக்கிறது என்றார். அவருக்கு அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் தூங்கவே இல்லை. மறுநாளும் இல்லை. மாத்திரைப் புட்டியைத் திறந்து அத்தனையையும் மலைச்சரிவில் கொட்டிவிட்டுச் சொன்னாராம், "கடலையே பாத்துட்டேன்லே, இனி எனக்கெதுக்கு உப்பு?"

ஊர் திரும்பியதும் சிநேகிதர் மட்டும் வீட்டுக்கு ஓடி வந்து இதை என்னிடம் சொன்னார். "உங்களை நம்பித்தானே அண்ணே அனுப்புனேன்" என்றுதான் கேட்க முடிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு அழுதார்.

அதற்குள் என் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர் வீட்டுக்கு வராமல், அடுத்த பஸ்ஸில் ஏறிச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். போய்ப் பார்த்தால், சட்டையையும் கடிகாரத்தையும் மோதிரத்தையும் யார் யாருக்கோ கழற்றிக் கொடுத்துவிட்டு, கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு ஒளி. மழை எங்கிருந்து வருகிறது, உயிர் எங்கே போகிறது என்று மடை திறந்த மாதிரி பேசுகிறார். சுற்றிலும் கூட்டம் கை கட்டி நிற்கிறது.

வேறு ஊராக இருந்தால் கிறுக்கு என்று சொல்லிக் கட்டிப் போட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்த மண்ணில் ஒரு ஞானி பிறந்தார், சின்ன வயசில் ஒரே நாளில் ஞானம் வந்து வீட்டை விட்டுப் போனார் என்பது கைக்குழந்தைக்கும் தெரிந்த கதை. அதனால் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒருத்தர் உட்கார்ந்தால் ஊருக்கு வேறு சந்தேகமே வராது. என் நாத்தனார்தான் முதலில் சூடம் காட்டியது. தம்பி காலில் பாலை ஊற்றிக் கும்பிட்டது.

"அவுகளுக்கு மாத்திரை குடுக்கணும் அண்ணி, டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போகணும்" என்று கெஞ்சினேன்.

"ஏத்தா, ஞானத்துக்கு யாராச்சும் மாத்திரை குடுப்பாகளா? உனக்கு அவன் வீட்டோட கெடக்கணும். அதேன் உன் கவலை."

அந்த அம்மாள் கெட்டவள் இல்லை. தம்பி மேல் உயிரையே வைத்திருந்தாள். சுவரைப் பார்த்துக் கிடந்தவன் இப்படிப் பேசுகிறானே என்ற பூரிப்பு அவளுக்கு. அவளோடு சண்டை போடவும் முடியாமல், அழுகையை அடக்கவும் முடியாமல் நின்றேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் ஊர்க்கிணற்றில் இறங்கி, பூமிக்குள்ளேயே நடந்து, திருச்சுழி தெப்பக்குளத்தில் ஏறப் போகிறேன் என்று அறிவித்துவிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. மழைக்குக் கிணறு வாய் வரைக்கும் நிறைந்து கிடந்தது. ஐயோ, தடுப்பார்கள் என்று பார்த்தால், ஜனங்கள் பக்கத்து ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்புகிறார்கள்! பாதிப் பேர் தெப்பக்குளத்தில் போய் நிற்பது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். நான் அவர் கையைப் பிடித்து, "என்னைப் பாருங்க, நான் பேசுறேன்ல" என்றேன். அவர் பார்வை என்னைத் தாண்டி எங்கோ போனது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. பாளையம்பட்டியிலிருந்து ஒரு பெண் தட்டில் பழம் வெற்றிலையோடு மகளுக்கு வரன் கேட்க வந்திருந்தது. என்னைவிடப் பத்து வயசு மூத்திருக்கும். காலில் விழுந்து எழுந்தது, அவர் முகத்தையே உற்றுப் பார்த்தது. அவருக்கு உதடெல்லாம் வெடித்து, வாயோரம் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. அந்தப் பெண் நேராக என்னிடம் வந்தது.

"ஏந்தாயி, அவுக வீட்டம்மா நீங்கதானா? அவுக தூங்கி எம்புட்டு நாளாச்சு?"

அத்தனை நாளும் யாரும் கேட்காத கேள்வி. எனக்கு அழுகைதான் வந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். காளான், மாத்திரை, கிணறு எல்லாம்.

"எங்க அண்ணனுக்கும் இப்பிடித்தேன். யாரோ சாமியார் குடுத்த லேகியத்தைத் தின்னுட்டுக் கெளம்புச்சு. நாங்களும் சூடந்தேன் காட்டுனோம்" என்றது. அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அந்தப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அவரைப் பொய் சொல்லி டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டாம், பிறகு உங்கள் கையால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்று என்னிடம் சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு நடுவே போய் மறுபடியும் அவர் காலில் விழுந்தது.

"சாமி, ஒரு சந்தேகம். மதுரையில ஆத்தாகிட்ட உத்தரவு வாங்காம தண்ணியில எறங்கலாமா?"

எங்கள் பக்கம் கல்யாணமானாலும் கடை திறந்தாலும் சாமியிடம் உத்தரவு கேட்காமல் ஒரு வேலை நடக்காது. மீனாட்சி உத்தரவு இல்லாமல் ஒரு ஞானி எப்படிக் கிணற்றில் இறங்குவார்? அவரும் "ஆமா, கேக்கணும்" என்று எழுந்தார். நாத்தனாரும், "அதுவும் சரிதானே" என்று சொல்லிவிட்டது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சிநேகிதர் கிணற்றுச் சேதி கேட்டு வாடகைக்கு ஒரு பிளஷர் கார் எடுத்துக்கொண்டு வந்து, பக்கத்தில் வரக் கூச்சப்பட்டு ஊர் முனையிலேயே நின்றிருந்தார். அதில் ஏறினோம். அந்தப் பெண்ணும் மகள் வரனை மறந்துவிட்டு எங்களோடு வந்தது. மதுரை போகும் வரைக்கும் அவர் பாடிக்கொண்டே வந்தார்.

சொன்னபடி முதலில் கோயிலுக்குத்தான் போனோம். சன்னிதியில் அவர் அம்மனையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டார். பின்னால் வரிசை முட்டுகிறது. பட்டர் குங்குமத்தைக் கொடுத்து, எல்லாரிடமும் சொல்வதுபோல, "போங்கோ, போங்கோ, நகர்ந்து போங்கோ" என்றார்.

"போகச் சொல்லிட்டா" என்றார் இவர்.

"டாக்டருகிட்ட போவோமாங்க? எனக்குப் பயமா இருக்குங்க" என்று உள்ளதைச் சொன்னேன். என்ன நினைத்தாரோ, "சரி" என்றார். மீனாட்சி சொன்னாளா, வரிசை சொன்னதா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அந்தப் பட்டருக்குக் கோடிப் புண்ணியம்.

டாக்டர் எங்களைத் திட்டவில்லை. அந்தக் காளான் யாருக்கும் விளையாட்டில்லை, இந்த வியாதி உள்ளவர்களுக்கு நிறைந்த கண்மாயில் கரையை வெட்டி விடுகிற மாதிரி என்றார். மாத்திரையை நிறுத்தியது அதோடு சேர்ந்துகொண்டது. ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். சிநேகிதர் வராந்தாவில் சுருண்டு உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் ஆகலையே தங்கச்சி, அவனுக்கு மட்டும் ஏன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதற்குப் பிறகு அவர் மேல் எனக்கு இருந்த கோபம் நிற்கவில்லை. பாசத்தில் கொடுத்ததுதானே.

ஆஸ்பத்திரிக்குள் ஓடிய ஓட்டத்தில் அந்தப் பெண் எப்போது பஸ் ஏறிப் போனது என்று பார்க்கவில்லை. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு பாளையம்பட்டியில் எவ்வளவோ விசாரித்தேன், கிடைக்கவில்லை. மகளுக்கு நல்ல வரன் அமைந்திருக்க வேண்டும் என்று சாமி கும்பிடும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

ஏறியவர் இறங்கத்தானே வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கிணற்றுப் பேச்சைவிட அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது. சிநேகிதர் தினம் சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார். நாத்தனார் ஊரிலிருந்து வந்து தங்கி, தன் கையாலேயே மாத்திரை எடுத்துக் கொடுத்தது. கோடை முடிந்து மறுபடி மழை வருகிற நேரத்தில்தான் ஆள் கடைக்கு நடந்து போனார்.

அதற்கும் ரொம்ப நாள் கழித்து, ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அவராகவே பேசினார்.

"அன்னைக்கு எல்லாமே தெரிஞ்சுச்சு. கல்லு, மேகம், கண்மாய்த் தண்ணி, எல்லாம் எங்கூடப் பேசுச்சு. பொய்யில்ல. ஆனா நீ பக்கத்துலயே நின்னு அழுதியாமே? அம்புட்டு வெளிச்சத்துல உன்னைய மட்டும் தெரியாமப் போச்சே."

கரண்டியோடு உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் சொன்னதிலேயே பெரிய பேச்சு அதுதான். இப்போது எங்களுக்கு வயசாகிவிட்டது. மாத்திரையும் மந்தமும் இன்னும் எங்களோடுதான் இருக்கின்றன. காலையில் காப்பி கொண்டு போகும்போது அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறாரா என்றுதான் முதலில் கவனிக்கிறேன். பார்த்துவிட்டால், அன்றைய பொழுதுக்கு எனக்கு அதுவே போதும்.